தந்தையார் வண்டியும் மூன்று அடுக்கு வர்ணமும்

அக்ரஹாரத்தில் நம் வீட்டு வாசலையொட்டிப் பல ஆண்டுகளாகத் தார்ப்பாயின்கீழ் கிடந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியைச் செப்பனிடுவதென்று சென்ற தை மாதம் முடிவு செய்தோம். காலஞ்சென்ற தந்தையார் 1969இல் மாற்றலாகி மைசூருக்கு வந்தபோது குடும்பத்தையும் குத்துவிளக்கையும் சுமந்துவந்த வண்டி அது. சென்னையை அடுத்த தொழிற்சாலையில் 1961 முதல் உருவான இவ்வகை வண்டிக்கு அடிச்சட்டம் தனி, மேற்கூடு தனி. ஆகவே தகடுகளைத் திருகு கழற்றிப் பிரித்துவிடலாம். இது பெரிய சௌகரியம்.

“மேலே ஒரு பூச்சு அடித்தால் போதுமே” என்றனர் அன்பர்கள் பலர். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைத் தகட்டின்மேல் நகர்த்திப் பார்த்தோம். இடப்பக்கக் கதவின் அடியில் அது ஒட்டாமல் விழுந்துவிட்டது. முன்னொரு காலத்தில் ஏதோ ஒரு பட்டறையில் துருவை வெட்டி நீக்காமல் பட்டியைக் கனமாக அப்பி மூடியிருக்கின்றனர்!

ஆத்திரத்தில் நாமே உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினோம். அங்கேதான் பெரும் பிழை செய்தோம். திண்ணையெங்கும் தூசி படிந்தது. மூன்று வயதுப் பேரன் அதில் அளைந்த விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு மாமா, ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர், “நிறுத்துங்கோ, குழந்தையை உள்ளே அழைச்சுண்டு போங்கோ!” என்று கூவியபடி ஓடிவந்தார். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் அவ்வுலோகத்துக்குத் தீங்கற்ற அளவென ஒன்று அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரத்தப் பரிசோதனை முடிவைக் கண்டு டாக்டர் கவலையில்லை என்று சொல்லும்வரை நமக்குச் சோறு இறங்கவில்லை.

பின்னர் வண்டியை ஊருக்கு வெளியே காற்றோட்டமான கொட்டகைக்கு மாற்றினோம். தூசி கிளம்பாதிருக்க வர்ணம் நீக்கும் பசையைத் தடவி, ஊறவைத்துச் சுரண்டினோம். இதிலும் எச்சரிக்கை வேண்டும். மெத்திலீன் குளோரைடு கலந்த பசையின் ஆவி மூடிய அறையில் உயிரையே வாங்கும். அமெரிக்காவில் 2019இல் அதனைப் பொதுமக்களுக்கு விற்பதையே தடைசெய்தனர். மணல் பீச்சும் முறையை நாம் நாடவில்லை. மெல்லிய தகடு நெளிந்துவிடும்.

நசுங்கல்களை எடுத்த டிங்கர் தொழிலாளியின் கைத்திறனை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். தகட்டின் பின்னே இரும்புக் கட்டையை அணைத்துப் பிடித்து, விளிம்பிலிருந்து மெல்லத் தட்டித் தட்டிக் குழியை நிமிர்த்தினார். துருவேறிய பகுதியை வெட்டிப் புதுத்தகடு பற்றவைத்தார். வெறும் இரும்பு ஒரே இரவில் துருப்பிடிக்கும். ஆகவே அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்தாயிற்று. சாதாரண பிரைமர் நீரை உறிஞ்சும். மழைக்காலத்தில் அதை நம்புவதற்கில்லை.

மேற்கூட்டையே மாற்றிவிடலாமே என்று கேட்போருக்கு ஒன்று. 2021இல் வெளிவந்த மத்திய அரசின் விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதியலாம். ஆனால் அடிச்சட்டம், மேற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்திருக்கலாகாது.

மேலே வெண்ணெய் நிறம், அடுத்துப் பச்சை, அடியில் தந்தையார் வாங்கியபோதிருந்த வெளிர்நீலம். பதிவுப் புத்தகத்திலும் நீலமே உள்ளதால் அதையே பூசினோம். கதவின் உட்புறத்தில் கையகல இடத்தை மட்டும் அம்மா சுரண்டவிடவில்லை. அதன்மேல் தெளிவார்னிஷ் பூசி அப்படியே விட்டிருக்கிறோம்.