சுமையும் முதுகும்

மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவை, ரத்தோட்டைப் பகுதி மலைச்சரிவுகளில் கொழுந்து பறிக்கும் பெண்களின் உழைப்பு யாவரும் அறிந்ததே. தலையில் மாட்டிய கயிற்றிலிருந்து முதுகுப்புறம் தொங்கும் கூடையோ பையோ நிறைய நிறைய, அவர்தம் உடல் முன்னோக்கிச் சாய்கின்றது. அதே மாவட்டத்தின் வடபால், தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலே நாட்டாமைத் தொழிலாளர் மரக்கறி மூடைகளை ஏற்றி இறக்கிப் பிழைக்கின்றனர். இவ்விரு சாராருக்கும் முதுகே மூலதனம். அது நலிந்தால் அன்றைய கூலி போய்விடும். இருந்தும், வயதானால் இடுப்பு வலிப்பது இயல்பென்று பொறுத்திருப்பதே வழக்கமாயிற்று. வலிக்குரிய காரணத்தை அறிந்தால், அதனைப் பெரிதும் குறைக்க வழியுண்டு.

கழுத்தில் 7, மார்புப்புறத்தில் 12, இடுப்பில் 5 என, அசையத்தக்க முள்ளெலும்புகள் 24 ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றினிடையே மெத்தைபோல் அமைந்தவை வட்டுகள். மேலிருந்து இறங்கும் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குவன இடுப்புப்புற வட்டுகளே. வளர்ந்தோரின் வட்டுகளுக்குள் இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் செல்வதில்லை. உடல் அசையும்போதே ஊட்டம் அவற்றுள் ஊறுகின்றது. ஆதலால் மிகுந்த பாரம் மட்டுமன்றி, நெடுநேரம் ஒரே நிலையில் இருப்பதும் முதுகுக்கு ஆகாது.

சுமையின் நிறையைக் காட்டிலும், அது உடலினின்றும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது என்பதே பல வேளைகளில் முதன்மையானது. தராசுக் கோலை நினைத்தால் இது விளங்கும். முதுகுத் தசைகள் முள்ளந்தண்டுக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் பின்னால் நின்று இழுக்கின்றன. 20 கிலோ மூடையொன்றை 40 சென்ரிமீற்றர் முன்னே நீட்டிப் பிடித்தால், அதனைச் சமன்செய்யத் தசைகள் 160 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அதே மூடையை 20 சென்ரிமீற்றருக்கு அணைத்துக் கொண்டால் 80 கிலோ போதும். குனியும்போது மேலுடம்பின் நிறையும் இதனுடன் சேர்கின்றது.

ஆகவே, சுமையைத் தூக்குமுன் அதன் அருகே சென்று, கால்களை அகற்றி ஊன்றி, முழங்காலை மடித்து, சுமையை மார்போடு அணைத்தே எழுதல் வேண்டும். திரும்ப நேர்ந்தால் இடுப்பை முறுக்காது பாதங்களை எடுத்துவைத்துத் திரும்புக. பெரிய மூடையாயின் இருவர் சேர்ந்து தூக்குவதே முறை. தனியொருவர் சுமக்கும் நிறை 55 கிலோவை மீறுமிடத்து அதனைக் குறைக்க வேண்டுமெனச் சர்வதேச தொழில் தாபனம் 1967ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. மூடையைச் சிறிதாகக் கட்டுவதும், தள்ளுவண்டி கொடுப்பதும் தொழில் கொள்வோர் கடமை. தொழிலாளியின் கவனம் ஒன்றே போதாது.

கொழுந்து பறிப்போர் பை நிரம்பி வழியும்வரை காத்திராது, இயன்றவிடத்து இடையிடையே இறக்கிவைத்தல் நன்று. மழை நாளில் நனைந்த கொழுந்து கூடுதலாகக் கனக்கும். நிறுவைக்குக் காத்திருக்கும் சில நிமிடங்களில் சுமையை இறக்கி, நிமிர்ந்து, இடுப்பிற் கைவைத்து மெல்லப் பின்சாய்ந்தால், முன்குனிந்த முதுகு இளைப்பாறும்.

மலையிலிருந்து இறங்கிய பின்னும் பெண்ணுக்கு ஓய்வில்லை. தண்ணீர், விறகு, குழந்தை என வீட்டுச் சுமைகள் காத்திருக்கின்றன. ஒரு பெரிய வாளிக்குப் பதில் இரண்டு சிறிய வாளிகளை இரு கைகளிலும் எடுத்தால் பாரம் சமமாகும். குனிந்து பெருக்காமல் நீண்ட தும்புத்தடியைப் பயன்படுத்தலாம். வீட்டிலுள்ள ஆண்கள் தண்ணீரும் விறகும் கொணர்ந்தால், அது எம்மருந்தினும் மேலான உதவியாகும்.

இடுப்பு பிடித்துக்கொண்டால் நாட்கணக்கிற் படுத்துக் கிடத்தல் வேண்டுமென்பது பழைய கொள்கை. இயன்ற அளவு நடமாடுவதே விரைவிற் குணந்தரும் என்பது இன்றைய வைத்தியர் கருத்து. எனினும் கால் மரத்தல் அல்லது வலுவிழத்தல், மலசலம் அடக்க முடியாமை, காய்ச்சலுடன் வலி, விழுந்தபின் வலி ஆகியவற்றுள் எது தோன்றினும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். தைலம் தடவிக்கொண்டு காலம் போக்குதல் அப்போது ஆபத்தாய் முடியும்.