பாட்டி சொன்ன கதைக்கு முனைவர் பட்டம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1915இல் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் மார்கரெட் வாக்கர். இரவில் தூங்கப்போகும் நேரத்தில் பாட்டி அவருக்குக் கதை சொல்வார். ராஜா ராணிக் கதை அல்ல. பண்ணையில் அடிமையாகக் கிடந்த தன் தாய் பட்ட பாடுகள். சின்னப் பிள்ளையிடம் கட்டுக்கதை சொல்லாதீர்கள் என்று வீட்டில் கடிந்துகொண்டால், நடந்ததைத்தான் சொல்கிறேன் என்பார் பாட்டி.

கல்லூரியில் படிக்கும்போதே, 19 வயதில், அந்தக் கதையை நாவலாக எழுதத் தொடங்கினார் வாக்கர். நினைத்தபடி வரவில்லை. எடுத்து வைத்துவிட்டார்.

1939இல் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போனார். கவிதை, கதை, நாடகம் போன்ற சொந்தப் படைப்பையும் ஆய்வேட்டுக்குச் சமமாக ஏற்றுப் பட்டம் தரலாம் என்று 1922லேயே முடிவெடுத்த பல்கலைக்கழகம் அது. 1936இல் அங்கே எழுத்துப் பட்டறையும் தொடங்கியது. ஒரு மாணவர் எழுதியதை மற்றவர்கள் படித்து, முகத்துக்கு நேரே நிறைகுறை சொல்வார்கள். அவர் அதைத் திருத்தி மறுபடி எழுதுவார். பாடமே அதுதான்.

ஆனால் கறுப்பின மாணவிகளுக்கு அங்கே விடுதியில் இடம் தரவில்லை. ஊருக்குள் அறை தேடித் தங்கித்தான் படிக்க வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1940இல் தன் கவிதைத் தொகுப்பையே சமர்ப்பித்து முதுகலைப் பட்டம் பெற்றார். 'என் மக்களுக்காக' என்று பொருள்படும் தலைப்புடைய அந்தத் தொகுப்பு, 1942இல் ஏல் பல்கலைக்கழகத்தின் இளங்கவிஞர் பரிசைப் பெற்றது.

பிறகு திருமணம், நான்கு பிள்ளைகள், மிசிசிப்பி மாநிலக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் வேலை. இதற்கிடையிலும் பழைய ஆவணங்களைத் தேடினார். பாட்டி சொன்னதை வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 1962இல் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு மீண்டும் அயோவாவுக்கே போனார். அந்த நாவலுக்கே 1965இல் முனைவர் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு 'ஜூபிலி' என்ற பெயரில் அது வெளிவந்தது. அடிமையாகப் பிறந்த வைரி என்ற பெண்தான் கதையின் நாயகி. முடிவில் அவள் மகன் பள்ளிக்கூடம் போகப் புறப்படுகிறான்.

பல்கலைக்கழகம் அவருக்குக் கதையைத் தரவில்லை. அதைத் தந்தவர் பாட்டி. எழுத நேரம், படித்துச் சொல்ல ஆட்கள், சரிபார்க்கும் பழக்கம், கடைசியில் ஒரு பட்டம், இவற்றைத்தான் பல்கலைக்கழகம் தந்தது.

பட்டறை எதுவும் இல்லாமலே நம்மிடையே 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. இன்று பல கல்லூரிகளில் தமிழ் இலக்கிய மாணவர்களுக்குப் படைப்பிலக்கியம் ஒரு தாளாக இருக்கிறது. அந்தத் தாளுக்கு எதை எழுதுவது என்று யோசிக்கும் தம்பி, தங்கைகள் முதலில் வீட்டுத் திண்ணையில் இருக்கும் பாட்டியிடம் போய் உட்காருங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர், எந்த ஆண்டு என்று கேளுங்கள். இந்த நிலம் ஒருகாலத்தில் நம்முடையது என்று அவர் சொன்னால், அது பஞ்சமி நிலமா என்று பழைய நிலப் பதிவேட்டில் தேடுங்கள். பிறகு எழுதுங்கள், நண்பரிடம் படிக்கக் கொடுங்கள், திருத்துங்கள்.

வாக்கருக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. பாட்டி இருக்கும்போதே கேட்டுவைத்ததால்தான் அவரால் எழுத முடிந்தது.