மேற்பார்வையும் பொறுப்பும்

போர்க்கருவி வாங்கும் அரசு, சந்தையிற் பொருள் வாங்குவானைப் போன்றதன்று. சந்தையிற் கொள்வோன் பொருளைக் கண்ணாற் கண்டு, கையால் எடுத்துப் பார்த்து, விலை பேசுகின்றான். அரசோ, இன்னும் ஆக்கப்படாத விமானத்தை, பல ஆண்டுகளின் பின் நேரக்கூடிய தேவைக்காக, மக்களின் வரிப்பணத்தைக் கொண்டு வாங்குகின்றது. ஆதலின் மேற்பார்வை வேண்டற்பாலதே. அஃது எவ்வளவு வேண்டும், எவரிடம் இருத்தல் வேண்டும் என்பனவே வினாக்கள். ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் இவற்றை நன்கு விளக்கும்.

1961 ஆம் ஆண்டில் அந்நாட்டின் பாதுகாப்புச் செயலாளராகப் பதவியேற்றவர் றொபேட் மக்னமாறா. அதுவரை முப்படைகளும் தத்தமக்கு வேண்டியவற்றைப் பெரும்பாலும் தனித்தனியே வகுத்து வந்தன. அவர் திட்டத்தையும் வரவு செலவையும் ஒருங்கிணைக்கும் முறையொன்றைப் புகுத்தி, முடிவு செய்யும் அதிகாரத்தைத் தம் அலுவலகத்திற் குவித்தார். எக்கருவிக்கு எவ்வளவு செலவு, அதனால் வரும் பயன் யாது என்பவற்றைப் பல்லாண்டுக் கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தல் அம்முறையால் எளிதாயிற்று. இந்நன்மை சிறிதன்று.

அதன் குறை எவ்-111 விமானத்தில் வெளிப்பட்டது. விமானப்படை வேண்டியது, தாழப் பறந்து ஒலியினும் விரைந்து பகைப்புலத்துட் புகும் விமானம். கடற்படை வேண்டியது, கப்பலின் மேற்றளத்திலிருந்து எழுந்து, உயரத்தில் நெடுநேரம் காவல் புரியும் விமானம். இரண்டிற்கும் ஒன்றே போதுமாயின் ஏறத்தாழ 100 கோடி டொலர் மிஞ்சும் எனக் கணக்கிடப்பட்டது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்னும் எண்ணமே அது. 1962 நவம்பரிற் படையதிகாரிகள் போயிங் கொம்பனியை விரும்பியிருக்கவும், உறுப்புகள் இரு வகைக்கும் கூடுதலாகப் பொதுவாயிருக்கும் என்பதை ஒரு காரணமாகக் காட்டி, ஒப்பந்தம் ஜெனரல் டைனமிக்ஸ் கொம்பனிக்கு அளிக்கப்பட்டது. மறு ஆண்டில் செனற் சபைக் குழுவொன்று இதனை விசாரித்தது.

கடற்படைக்குரிய வகை எடை மிகுந்து கப்பலுக்கு ஒவ்வாதாயிற்று. ஏழு விமானங்கள் கட்டப்பட்டதோடு, 1968 இல் அது கைவிடப்பட்டது. விமானப்படைக்குரிய வகையோ, தொடக்க இடர்களைக் கடந்து நெடுங்காலம் பயன்பட்டது. அவுஸ்திரேலியா அதனை 2010 வரை வைத்திருந்தது. கணக்கிட்டோர் அறிவிலிகள் அல்லர். பொது உறுப்புகளின் விலையை அவர்கள் அளந்தனர். பறப்போனின் தேவையை அவ்வாறு அளந்திலர்.

பின்னர் வேறொரு தொல்லை வளர்ந்தது. மேற்பார்ப்போர் பெருகப் பெருக, திட்டத்தை நடத்துவோன் படிக்குப் படி அனுமதி வேண்டி நின்றான். 1986 இல் டேவிட் பக்காட் தலைமையிலான ஆணைக்குழு, கொள்வனவுக்குப் பொறுப்பான உயர் அதிகாரிக்கும் திட்ட முகாமையாளருக்கும் இடையே இரு படிகளுக்கு மேல் இருத்தலாகாது எனக் கருதியது. 2016 ஆம் நிதியாண்டுக்கான சட்டம், மையத்திற் குவிந்த அதிகாரத்திற் பெரும்பகுதியைப் படைத்துறைகளுக்கே மீட்டளித்தது.

மேற்பார்வை குன்றின் வரிப்பணம் வீணாகும். அது மிகின், பலர் கையொப்பமிட்ட கோப்பில் எவர் பொறுப்பு என்பது மறையும். கருவி பிழைக்கும்போது உயிர் இழப்பவன் கையொப்பமிட்டவன் அல்லன், களத்தில் நிற்பவனே. தணிக்கை செய்வோன் மையத்தில் இருக்கலாம். ஆயினும் விடை கூறும் பொறுப்பு பெயர் சுட்டக்கூடிய ஒருவரிடம் இருத்தல் வேண்டும்.