சொல்லின் தலையும் வாலும்

திருச்செங்கோட்டுத் தெருவில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி ஒன்று போகிறது. 'போகிறது' என்னும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். செயலைக் குறிப்பது 'போ'. நிகழ்காலத்தைக் காட்டுவது 'கிறு'. போவது அஃறிணை, அதுவும் ஒருமை என்று சொல்வது கடைசியில் நிற்கும் 'து'. பகுபத உறுப்புகள் ஆறு என்று இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். பகுதிக்கு முன்னால் வந்து ஒட்டும் உறுப்பு, அதாவது முன்னொட்டு, அந்த ஆறில் இல்லை. தமிழ் தன் இலக்கண வேலையை வாலில் செய்யும் மொழி.

கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழி தலையில் செய்கிறது. அரபு மொழியின் 'கிதாப்' அங்கே போய்க் 'கிதாபு' ஆயிற்று. முதலில் உள்ள 'கி'யைத் தங்கள் ஒருமை முன்னொட்டு என்றே அம்மக்கள் கொண்டுவிட்டார்கள். ஆகவே பல புத்தகங்களுக்கு 'விதாபு' என்கிறார்கள்!

தமிழில் முன்னொட்டு அடியோடு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அவன், இவன், எவன் ஆகியவற்றில் முதலெழுத்துதான் சேய்மையையும் அண்மையையும் வினாவையும் காட்டுகிறது. இடைப்பட்டதைச் சுட்டும் 'உவன்' யாழ்ப்பாணப் பேச்சில் இன்றும் உண்டு.

அறிவியலுக்கோ முன்னொட்டுகள் ஏராளமாகத் தேவைப்பட்டன. கிலோ, மில்லி, நானோ ஆகியவற்றை அப்படியே எடுத்துக்கொண்டோம்; தொல்லையில்லை. மொழிபெயர்த்தவற்றில்தான் சிக்கல். தேர்வுத்தாள் ஒன்றில் மாணவர் ஒருவர் நிறமாலை வரைந்து, சிவப்புப் பட்டைக்கு உள்ளேயே அகச்சிவப்பைக் குறித்திருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. 'அகம்' என்றால் உள்ளே என்றுதானே பொருள்?

ஆனால் 1800இல் வில்லியம் ஹெர்ஷல் அதைக் கண்டது சிவப்புக்கு உள்ளே அன்று. சிவப்பு முடிந்து, கண்ணுக்கு ஒளியே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி சூடேறியது. 'இன்ஃப்ரா' என்னும் லத்தீன் முன்னொட்டுக்குப் பொருள் 'கீழே'. அதாவது அதிர்வெண்ணில் சிவப்பைவிடக் கீழே. மறுகோடியில் 1801இல் ரிட்டர் கண்டதற்குப் 'புற ஊதா' என்ற பெயர் பொருத்தமே. உண்மையில் இரண்டும் கண்ணுறு நிறமாலைக்குப் புறத்தேதான் இருக்கின்றன.

ஒலியியலில் நம்மவர்கள் கூடுதல் கவனமாக இருந்தார்கள். வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டது மீயொலி. 'மீ' என்றால் மேலே. அதே முறையில் 'கீழ்ச்சிவப்பு' என்று பெயர் வைத்திருந்தால், அந்த மாணவருக்கு இரண்டு மதிப்பெண் போயிருக்காது.