வண்ணம் தொலைத்த ஓவியர்

தக்காளிச் சாறு கறுப்பு. மனைவியின் சருமம் எலி நிறம். 1986-ல் கார் விபத்தில் சிக்கிய அமெரிக்க ஓவியர் ஒருவருக்கு, 65-வது வயதில், உலகம் இப்படி மாறிப்போனது. கண்ணில் கோளாறே இல்லை. பார்வை முன்பைவிடக் கூர்மை. சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டியதால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். கொடுமை என்னவென்றால், கனவிலும் நினைவிலும்கூட வண்ணம் இல்லை. மெல்ல மெல்லக் கறுப்பு வெள்ளையில் வரையத் தொடங்கினார். சில ஆண்டுகள் கழித்து, வண்ணத்தை மீட்க வழியிருக்கலாம் என்றபோது வேண்டாம் என்றுவிட்டார்.

அவரை ஆராய்ந்த நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸும் லண்டன் விஞ்ஞானி செமிர் ஸெகியும் சந்தேகப்பட்டது, மூளையின் பின்பக்கமுள்ள 'வி4' பகுதியை. இலை பட்டப்பகலிலும் அந்தியிலும் பச்சையாகவே தெரிகிறதே, அதற்காகச் சுற்றியுள்ள ஒளியை ஒப்பிட்டுக் கணக்குப் போடும் இடம் இது. மூளையில் வண்ணத்துக்குத் தனி இடம் உண்டு என்று 1888-லேயே சுவிஸ் கண் மருத்துவர் வெரே சொன்னார். கேட்கத்தான் ஆளில்லை.

நேர் எதிரான கதை 'டி.எஃப்.' என்று ஆய்வேடுகள் குறிப்பிடும் பெண்ணுடையது. 1988-ல் குளிக்கும்போது கார்பன் மோனாக்சைடு தாக்கியது. வண்ணம் தெரிந்தது, சதுரமா, செவ்வகமா என்று தெரியவில்லை. ஒரு துவாரம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று சொல்லத் தெரியாதவர், கையில் அட்டையைக் கொடுத்தால் அதைச் சரியாகத் திருப்பிச் செருகினார்!

அதற்காக மூளையை அறை அறையாகத் தடுத்துவிட முடியாது. 'வி4' செல்கள் பல வடிவத்துக்கும் துடிக்கின்றன. பார்வையின் முதல் வாசலான 'வி1'-லேயே வண்ணத்தையும் கோட்டின் சாய்வையும் சேர்த்தே கவனிக்கும் செல்கள் நிறைய என்று, 2019-ல் குரங்குகளை ஆராய்ந்த அமெரிக்காவின் சால்க் ஆய்வகம் கண்டது.