எல்லாம் சர்க்கரை செய்கிற வேலை இல்லை

காலையில் காபி குடித்துக்கொண்டிருந்த பெரியப்பாவின் வலது கையிலிருந்து டம்ளர் நழுவியது. சூடான காபி வேட்டியில் கொட்டியதைக்கூட அவர் உடனே உணரவில்லை. "சுகர் இறங்கிடுச்சு போல" என்று பெரியம்மா ஓடிப்போய் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்தார். அது கடைவாயில் வழிந்தது. "கொஞ்ச நேரம் படுங்க, சரியாயிடும்" என்றார். படுத்தார். மத்தியானம் சாப்பிட எழுப்பினால் வலது காலையும் அசைக்க முடியவில்லை, பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மாலை 4 மணி. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நேரம் கடந்துவிட்டிருந்தது.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தது. டம்ளர் விழுந்த இடத்திலிருந்து நாலடி தூரத்தில், அலமாரியில். யாரும் எடுக்கவில்லை. பெரியம்மாவை எப்படிக் குறை சொல்வது? சர்க்கரை நோய் உள்ள வீட்டில் எது வந்தாலும் பழியைச் சர்க்கரை மேல் போட்டே பழகிவிட்டோம். கால் மரத்தால் சுகர், தலை சுற்றினால் சுகர், கண் மங்கினால் சுகர். பக்கவாதமும் அந்தப் பேரிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

சர்க்கரைக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு, இல்லாதவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அதிகம். ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடியே இருந்தால் ரத்தக்குழாயின் உட்சுவர் கெடுகிறது, கொழுப்பு படிகிறது, குழாய் குறுகுகிறது. ரத்தமும் எளிதில் கட்டிதட்டுகிறது. கழுத்து வழியாக மூளைக்குப் போகும் பெரிய குழாய்களும் தப்புவதில்லை, மூளைக்குள் முடிபோல ஓடும் நுண்குழாய்களும் தப்புவதில்லை. நுண்குழாய் அடைப்பு சில நேரம் எந்த அறிகுறியும் காட்டாது. வேறு காரணத்துக்கு ஸ்கேன் எடுக்கும்போதுதான் பழைய தழும்பு தெரியவரும்.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. இது உங்கள் வீட்டு விஷயமும்தான்.

எது சுகர், எது பக்கவாதம்?

சர்க்கரையால் நரம்பு கெட்டு வரும் மரத்துப்போதல் இரண்டு பாதங்களிலும் தொடங்கி, மாதக்கணக்கில் மெல்ல மேலே ஏறும். பக்கவாதம் நொடியில் வரும், பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தைத்தான் பிடிக்கும். பல்லைக் காட்டச் சொல்லுங்கள்: வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள்: ஒன்று தானாகத் தாழ்கிறதா? பேரப்பிள்ளைகளின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்: நாக்கு குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். திடீரென ஒரு கண் தெரியாமல் போவதும், நடை தள்ளாடுவதும் அப்படித்தான்.

சர்க்கரை மிகவும் இறங்கினாலும் அபூர்வமாகக் கை கால் ஒரு பக்கம் தளரும். அதனால் குளுக்கோமீட்டரில் பார்த்துவிடுவது நல்லது. அரை நிமிட வேலைதான். 70க்குக் கீழே இருந்து, ஆள் தெளிவாக விழுங்க முடிந்தால் மட்டும் சர்க்கரை கொடுங்கள். வாய் கோணியவருக்கோ மயங்கியவருக்கோ தண்ணீர்கூட வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். அளவு எதுவானாலும் 108ஐ அழைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டால்? அப்போதும் அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். வந்து மறைகிற சிறு பக்கவாதத்துக்குப் பின்னால் பெரியது வரலாம். முதல் இரண்டு நாட்களில் ஆபத்து மிக அதிகம்.

நாலரை மணி நேரம்

ரத்தக்குழாய் அடைப்பால் வந்த பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கணக்கு, ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்கும். இரவு பத்து மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலையில் கை வராமல் எழுந்தால், கடிகாரம் பத்து மணியிலிருந்தே ஓடுகிறது. பெரிய குழாய் அடைத்திருந்தால் கம்பி செலுத்திக் கட்டியை எடுக்கும் சிகிச்சை, சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட முடியும். ஆனால் அடைப்பு நீங்காத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் மூளை செல்கள் மடிகின்றன. வைத்தியம் என்று நம்பிப் புறா ரத்தம் தடவவும், விரல் நுனியில் ஊசி குத்தவும் செலவழிக்கிற நேரத்துக்கு இதுதான் விலை. வீட்டில் ஆஸ்பிரினும் கொடுக்க வேண்டாம். அடைப்பா, ரத்தக்கசிவா என்பது சி.டி. ஸ்கேனில்தான் தெரியும்.

நோட்டில் இல்லாத கட்டம்

பெரியப்பா ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். தேதி, வெறும் வயிற்றில், சாப்பிட்டபின் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மூன்று கட்டங்கள். பிரஷருக்குக் கட்டமே இல்லை. தலைவலி இல்லையே என்று பிரஷர் மாத்திரையை அவரே நிறுத்தியும் இருந்தார். ரத்தக் கொதிப்புக்குத் தலை வலிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பக்கவாதத்தைப் பொறுத்தவரை அந்த நாலாவது கட்டம்தான் முக்கியம் என்பேன். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்து உள்ளவர்களை வைத்துப் பிரிட்டனில் நடந்த ஆய்வின் முடிவு 1998இல் வந்தது. ரத்த அழுத்தத்தை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வுத் திட்டத்தில் சர்க்கரையைக் கறாராகக் குறைத்ததால் மட்டும் பக்கவாதம் குறையவில்லை. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாடு அவசியம், அதை விடவே கூடாது. மூளைக்கு அது மட்டும் போதாது. ரத்த அழுத்தத்தைப் பலருக்கு 130/80க்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள், உங்கள் இலக்கை மருத்துவரிடம் கேளுங்கள். கொழுப்பு மாத்திரை வேண்டுமா, நாடித்துடிப்பு சீராக இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு குறையட்டும். பீடி, சிகரெட் அறவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வாங்கி வைத்தால் போதாது, விழுங்க வேண்டும்.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேன் எடுத்து, கட்டியைக் கரைக்கும் ஊசியும் போடுகிற ஆஸ்பத்திரி உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது என்று விசாரியுங்கள். அதன் பெயரைக் குளுக்கோமீட்டர் டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டி வையுங்கள்.