ஐலாவின் புகையும் நம் ஊர்ப் புகைமூட்டமும்

புகைமூட்டக் காலத்தில் வகுப்பறைச் சன்னல்களை இறுக மூடினாலும் ஒரு கருகிய வாடை உள்ளே வந்துவிடும். அந்த வாடைக்குக் காரணமான பொருள்களுள் சிலவற்றை, ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வேண்டுமென்றே உண்டாக்கி, அளந்து, ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

ஐலா, புகை மணமுள்ள விஸ்கிக்குப் பெயர்பெற்றது. (மது உங்களுக்கான பானமன்று, மாணவர்களே. அதிலுள்ள வேதியியல் உங்களுக்கானதுதான்.) மரங்கள் குறைவான அத்தீவில் மக்கள் விறகுக்குப் பதிலாகப் ‘பீட்’ எனும் கரிமண்ணை வெட்டி, காயவைத்து எரித்தனர். முளைகட்டிய பார்லியையும் அந்தப் புகையிலேயே உலர்த்தினர். மலாயில் நாம் ‘காம்புட்’ என்பது இந்தக் கரிமண்ணைத்தான். நீர் தேங்கிய இடத்தில் இறந்த தாவரங்கள், போதிய உயிர்வளி இல்லாததால் முழுமையாக மக்குவதில்லை. அவை ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் சேர்கின்றன. அப்படியென்றால் 1 மீட்டர் கரிமண் உருவாக எத்தனை ஆண்டுகள் ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கரிமண் சுடர்விட்டு எரியாது, புகைந்துகொண்டே இருக்கும். இது முற்றுப்பெறா எரிதல். அப்போது தாவரப் பொருள்கள் உடைந்து ஃபினால், கிரிசால், குவையக்கால் போன்ற சேர்மங்கள் உண்டாகின்றன. குவையக்கால்தான் புகை மணம் தருவது. ஃபினாலின் மணமோ மருத்துவமனையை நினைவூட்டும். 1865-இல் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் புண்ணில் கிருமிகளைக் கொல்லப் பயன்படுத்திய கார்பாலிக் அமிலமும் ஃபினாலே.

பார்லியில் ஒட்டிய ஃபினால் வகைகளைப் பிபிஎம் அலகில் அளக்கிறார்கள். 1 பிபிஎம் என்பது 1 கிலோகிராமில் 1 மில்லிகிராம். ஆர்ட்பெக் ஆலையின் பார்லியில் சுமார் 55. லகாவுலின், கால் ஈலா ஆலைகளில் சுமார் 35. எண் கூடினால் மணமும் கூடும் என்றுதானே நினைப்போம்? லகாவுலினும் கால் ஈலாவும் ஒரே இடத்தில் புகையூட்டிய பார்லியையே வாங்குகின்றன. ஆனாலும் ஒப்பிட்டுச் சுவைப்பவர்களுக்கு முன்னது கனமாகவும் பின்னது மென்மையாகவும் தெரிகிறது. எத்தனால் 78 பாகை செல்சியசில் கொதிக்கும். ஃபினாலுக்கு 182 பாகை தேவை. ஆகவே காய்ச்சி வடிக்கும்போது ஃபினால் வகைகள் பெரும்பாலும் கடைசியில்தான் வெளிவரும். கலனின் வடிவமும், வடிப்பை எப்போது நிறுத்துகிறார்கள் என்பதும் மணத்தை மாற்றிவிடுகின்றன.

இனி நம் ஊருக்கு வருவோம். மலேசியக் கரிமண் நிலங்களில் பெரும்பகுதி சரவாக்கில் உள்ளது. சிலாங்கூர், ஜொகூர், பகாங்கிலும் உண்டு. ஸ்காட்லாந்தின் கரிமண் பெரும்பாலும் பாசியால் ஆனது; நம்முடையது காட்டு மரங்களால் ஆனது. செம்பனை நடுவதற்காகக் கால்வாய் வெட்டி நீரை வடித்தால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நனைந்திருந்த மண் காய்ந்து எரிபொருளாகிவிடும். ஐலாவில் அடுப்பளவுக்கு எரிவது இங்கே வயல்வயலாக, மண்ணுக்கு அடியில் வாரக்கணக்கில் புகையும். மேலே நீர் தெளித்தால் போதாது; தீ அடியில் ஊர்ந்து இன்னோர் இடத்தில் தலைகாட்டும்.

அந்தப் புகையில் மணப்பொருள்கள் மட்டுமா இருக்கின்றன? 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் காற்றுநுண்ணறைகள்வரை செல்லும். 2013 ஜூனில் அண்டை நாட்டுத் தீயால் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட, அங்கே அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 300-ஐத் தாண்டினாலே அபாய நிலை. இன்னொன்று: உலக நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடே உள்ள கரிமண் நிலங்கள், எல்லாக் காடுகளின் மரஞ்செடிகளையும் விட அதிகக் கார்பனைத் தேக்கி வைத்துள்ளன. எரிந்தால் அது கரிவளியாகிவிடும்.

வடக்கு சிலாங்கூரின் ராஜா மூசா காப்புக்காட்டில் பழைய கால்வாய்களின் குறுக்கே தடுப்புகள் கட்டி நீர்மட்டத்தை உயர்த்தி வருகிறார்கள். எரிந்துபோன இடங்களில் மரக்கன்றுகளும் நடப்படுகின்றன.